தொண்ணூற்றேழாம் வருஷத்து மெஷின்

ராஜினியை எனக்குப் பிடிக்காமல் போவதற்கு அவள் ஒன்றும் செய்யவில்லை. அதுதான் கொடுமை. ஏதாவது செய்திருந்தால் நாலு பேரிடம் சொல்லியாவது மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். செவ்வாய்க்கிழமை காலை எங்கள் மெஷினின் டிஸ்க் செத்தது. புதன்கிழமை அவள் வந்தாள். வியாழக்கிழமை மெஷினை எழுப்பிவிட்டாள். முப்பத்தொன்பது வருஷமாக நான் சேர்த்து வைத்திருந்த பேரை மூன்றே நாளில் வாரிக்கொண்டு போய்விட்டாள்.

நான் சந்திரகலா. கிள்ளான் பக்கம் தெலுக் பங்லிமா காராங்கில் ரப்பர் மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்திப் பலகை செய்யும் ஆலையில் வேலை. காப்பாரில் எஸ்டேட் வீட்டில் பிறந்து, பதினோராம் வகுப்பான ஐந்தாம் படிவத்தோடு படிப்பை முடித்து, இருபது வயதில் டைப் அடிக்கும் பெண்ணாக இங்கே நுழைந்தேன். எண்பத்தாறில் அந்த மெஷின் வந்தது. இரண்டு இரும்பு அலமாரி அளவில் ஒரு மினிகம்ப்யூட்டர், பிடிபி பதினொன்று வகை. பெரிய அழுத்தும் பிரஸ்ஸுக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம், எத்தனை விநாடி என்று சொல்வது அதுதான். ஒவ்வொரு வகைப் பலகைக்கும் ஒரு ரெசிப்பி. நானூற்றுச் சொச்சம் ரெசிப்பிகள் அதன் டிஸ்க்கில் இருந்தன. பொருத்த வந்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஆறு வாரம் இருந்தான். அவன் விரல் எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டேன். அவன் போன பிறகு அந்த அறைக்கு நான்தான் எல்லாம்.

எத்தனையோ மேனேஜர்கள் வந்து இதைத் தூக்கிப் போடலாம் என்றார்கள். பிரஸ் பழையது, புது கம்ப்யூட்டரோடு பேசாது என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு அறுபத்தொன்று ஆகிறது. ஓய்வு வயது தாண்டியும் என்னை வைத்திருக்கிறார்கள். ஏன்? மெஷின் படுத்தால் எழுப்ப வேறு ஆள் கிடையாது. நான் லீவு போட்டால் ஆலையே பயப்படும். அந்தப் பயம் எனக்கு வேண்டியிருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் இல்லாமல் அந்த மெஷின் எழக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை டிஸ்க் கிறீச்சென்று தேய்த்துவிட்டு நின்றது. மாற்று டிஸ்க் இல்லை. கடைசியாக இருந்ததைப் பிரித்து எப்போதோ உதிரியாகப் பயன்படுத்திவிட்டேன். பேக்அப் இருந்தது. சீனப் புத்தாண்டு லீவுக்கு முதல் நாள் நானே எடுத்தது. ரொட்டித் துண்டு அளவில் ஐந்து கேசட் டேப். போட்டால் ஒவ்வொன்றும் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் கீச்சென்று கத்தி ஒட்டிக்கொண்டது. நம் ஊர் ஈரத்தில் பழைய டேப்பின் பூச்சு பிசுபிசுத்துவிடும். எனக்குத் தெரியாததா? துடைத்தேன், பவுடர் போட்டேன், திட்டினேன். மாலை ஆறு மணி வரை முதல் டேப்பையே தாண்ட முடியவில்லை.

மேனேஜர் விஜயன் வந்து வாசலில் நின்றான். முப்பத்தெட்டு வயசுப் பையன், நல்லவன்தான்.

"அக்கா, கோவிச்சிக்காதீங்க. பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு மேடம் இருக்காங்களாம். யூனிவர்சிட்டில இருந்து ரிட்டையர் ஆனவங்க. இதே மெஷினை வீட்டுல வச்சிருக்காங்களாம்."

"வீட்டுலயா? எதுக்கு?"

"சும்மா லா. ஆசைக்கு."

ஆசைக்கு! நான் வயிற்றுப் பாட்டுக்காகக் கட்டி அழுததை ஒருத்தி ஆசைக்கு வீட்டில் வைத்துக் கொஞ்சுகிறாள். அப்போதே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு வந்தாள். டாக்டர் ராஜினி. என்னைவிட இரண்டு வயது மூத்தவள், பார்த்தால் ஐம்பதுதான் சொல்வார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ரயில்வேயில் அதிகாரியாக இருந்தவராம். எங்கள் தாத்தா அதே ரயில்வேக்குத் தண்டவாளம் போட்டவர். கஞ்சி போட்ட பருத்திச் சட்டை, கண்ணாடியைக் கழுத்தில் மணிச்சரம் மாதிரி தொங்கவிட்டிருந்தாள். விஜயன் "டாக்டர், டாக்டர்" என்று குழைந்தான். என்னை அறிமுகப்படுத்தும்போது, "இவங்கதான் நம்ம அக்கா, மெஷினைப் பாத்துக்கிறவங்க" என்றான். வாட்ச்மேனைப் பற்றியும் அப்படித்தான் சொல்வான்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சந்திரகலா, இவ்வளவு காலம் இதை ஓட வச்சிருக்கிறீங்கள். எனக்கு நம்பேலாமல் இருக்கு. நான் உங்களைச் சந்திரா எண்டு கூப்பிடலாமோ?"

என்னை அப்படிக் கூப்பிட்டது என் அம்மா ஒருத்திதான். "கூப்பிடுங்க மேடம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

டேப்பை மூக்கருகே வைத்து மோந்து பார்த்தாள். சிரித்தாள். "இதுகளைக் கொஞ்சம் வாட்டோணும். நான் வீட்டை கொண்டுபோய் நாளைக்குக் கொண்டு வாறன்" என்று ஐந்தையும் பையில் போட்டுக்கொண்டாள். வாட்டுவதா? டேப் என்ன கருவாடா? விஜயனிடம் காதோடு சொன்னேன், எரித்துக்கொண்டு வரப் போகிறாள் பார் என்று. அவன் தோளைக் குலுக்கினான்.

வியாழக்கிழமை காலை அவள் முதல் டேப்பைப் போட்டாள். சத்தமே இல்லாமல் ஓடியது. இரண்டாவது. மூன்றாவது. ஐந்தும் வெண்ணெயாக ஓடின. நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன்.

"என்ன மேடம் பண்ணீங்க?"

"மோர் மிளகாய் காய வைக்கிற மெஷின் ஒண்டு வச்சிருக்கிறன் சந்திரா. மழைக் காலத்தில மிளகாய் காயாதெல்லோ? அதில ஐம்பது டிகிரியில எட்டு மணித்தியாலம் வச்சன். அவ்வளவுதான்."

என் வீட்டிலும் அதே மெஷின் இருக்கிறது. போன தீபாவளிக்கு மகள் வாங்கிக் கொடுத்தது. அதே மோர் மிளகாயைத்தான் நானும் அதில் காயப்போடுகிறேன். எனக்கு ஏன் தோன்றவில்லை? அவள் ஒன்று வைத்து நான் ஒன்று வைக்காமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டு பேரிடமும் இருந்தது, அவளுக்குத்தான் தோன்றியது. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதோடு விட்டாளா? செத்த டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு சின்ன எலெக்ட்ரானிக் அட்டையைச் சொருகினாள். கட்டைவிரல் நகமளவு மெமரி கார்டை அதில் வைத்தாள். மெஷின் அதைப் பழைய டிஸ்க் என்றே நம்பிக்கொள்ளுமாம். ஆனால் எங்கள் பழைய ஓஎஸ் அந்த அட்டையோடு ஒத்துவராது, அதே ஓஎஸ்ஸின் கடைசி வெர்ஷனைப் போட வேண்டும் என்றாள். போடுவது என்றால் சும்மா காப்பி அடிப்பது இல்லை. எவ்வளவு மெமரி, எத்தனை டெர்மினல், எந்த முகவரியில் எந்த போர்டு என்று அது நூற்றுக்கணக்கில் கேள்வி கேட்கும். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னால்தான், அளவெடுத்துச் சட்டை தைப்பதுபோல் அந்த மெஷினுக்கென்று ஒரு ஓஎஸ் தைத்துத் தரும். ஒரு பதில் தப்பினால் எழாது. நான் எண்பத்தொன்பதில் ஒரு தடவை செய்தேன், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள். அவள் புத்தகமே இல்லாமல், என்னோடு பேசிக்கொண்டே, பதில் அடித்துக்கொண்டு போனாள். ஒரே ஒரு இடத்தில்தான் நின்றாள்.

"பிரஸ்ஸுக்குப் போற போர்டு எந்த முகவரியில இருக்கு? நிலையான இடத்தில காணேல்ல."

"நான் மாத்தி வச்சேன். தொண்ணூத்தி நாலுல இடி விழுந்து ஒரு ஸ்லாட் போச்சு." முகவரியைச் சொன்னேன்.

"இது எனக்கு ஒருநாளும் தெரிஞ்சிருக்காது" என்று மனசாரச் சொன்னாள். அந்த ஒரு நிமிடம் எனக்கு அவளைப் பிடித்திருந்தது. உடனே விஜயன் உள்ளே எட்டிப் பார்த்து, "டாக்டர், சூப்பர் லா நீங்க!" என்றான். போயிற்று.

மதியம் இரண்டரைக்கு ஓஎஸ் எழுந்தது. ரெசிப்பிகளை டேப்பிலிருந்து இறக்குவதற்கு முன் அவள் டேப்பின் தலைப்பைத் திரையில் பார்த்தாள். அவள் முகம் மாறியது. விஜயன் போய்விட்டானா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"சந்திரா, இது தொண்ணூத்தேழாம் ஆண்டு சனவரி பேக்அப் எண்டு காட்டுது. இதுக்குப் பிறகு எடுக்கேல்லையோ?"

இங்கே நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது தொண்ணூற்றேழில் எடுத்தது இல்லை. மூன்று வாரத்துக்கு முன் எடுத்தது.

இரண்டாயிரம் பிறக்கப் போகிறது, பழைய கம்ப்யூட்டர் எல்லாம் படுத்துவிடும் என்று உலகமே பதறிய வருஷம், நான் மளிகைக் கடை நாள்காட்டிகளைத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் ஓஎஸ்ஸுக்கு இரண்டாயிரம் தெரியாது. ஆனால் கிழமை சரியாக இருந்தாக வேண்டும், ஏனென்றால் வெள்ளிக்கிழமை தொழுகை இடைவேளைக்குப் பிரஸ்ஸின் சூட்டை மெஷின்தான் இறக்கி ஏற்றும். இருபத்தெட்டு வருஷம் பின்னால் போனால் தேதியும் கிழமையும் அச்சாகப் பொருந்தும் என்று கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து மெஷின் எழும்போதெல்லாம் அது கேட்கும் தேதிக்கு இருபத்தெட்டைக் கழித்து அடிப்பேன். இரண்டாயிரத்து இருபத்தைந்து அதற்குத் தொண்ணூற்றேழு. யாரிடமும் சொன்னதில்லை, எங்கேயும் எழுதி வைத்ததில்லை. எழுதி வைத்தால் அப்புறம் என்னை யார் கூப்பிடுவார்கள்?

அவள் அதைத்தான் நிஜமான பழைய டேப் என்று நினைத்துவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் தேதியைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். அவ்வளவு தெரிந்தவள் என்பதால்தான் அந்தத் தப்பு.

"இல்ல மேடம். எடுத்திருக்கணும். எடுக்கல" என்றேன்.

என் வாயா அது? இருபத்தெட்டு வருஷம் பேக்அப் எடுக்காத சோம்பேறி என்று அவள் என்னை நினைக்கட்டும் என்று விட்டேன். மாதம் தவறாமல் அதே ஐந்து டேப்பில் எடுத்தவள் நான். அந்த அவமானத்தை முழுங்கியதற்குக் காரணம் இருந்தது.

ராஜினி என் கையைத் தட்டிக் கொடுத்தாள். "பரவாயில்லை. ஆருக்கும் சொல்லாதேங்கோ, நானும் சொல்லமாட்டன். கிடைச்சது போதும்."

எல்லாவற்றையும் இறக்கினாள். ரெசிப்பிகள், நான் எழுதிய சின்னச் சின்னப் புரோகிராம்கள், எல்லாம். பிறகு மெஷினை ஒருமுறை முழுதாக நிறுத்தி எழுப்பினாள். திரையில் அந்தக் கேள்வி வந்தது: நேரமும் தேதியும் கொடு. புது வெர்ஷன் ஆயிற்றே, அதற்கு இரண்டாயிரம் தெரியும். அவள் விரலை விசைப்பலகையில் வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"வேற ஏதும் நான் தெரிஞ்சுகொள்ள வேண்டியது இருக்கோ சந்திரா?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

இரண்டாயிரத்து இருபத்தைந்து, பிப்ரவரி இருபது என்று அடித்தாள்.

அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். டிஸ்க்கில் இடம் இல்லாத காலத்தில் நான் எழுதிய ஒரு புரோகிராம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஓடும். இரண்டு வருஷமாகத் தொடாத ரெசிப்பிகளைத் துடைத்துவிடும். இதுவரை தொட்டதெல்லாம் தொண்ணூற்றேழு வரைக்கும் என்றுதான் பதிந்திருக்கும். இன்றைக்குத் தேதி இரண்டாயிரத்து இருபத்தைந்து. அதன் கணக்கில் எல்லாமே இருபத்தெட்டு வருஷப் பழசு. நானூறும் போகும்.

போகட்டும் என்றுதான் இருந்தேன். ஆலை நாசமாகட்டும் என்று நினைக்கவில்லை, அவ்வளவு பாவி இல்லை நான். டேப்தான் இப்போது ஓடுகிறதே. மூன்று மணிக்குப் பிரஸ் நிற்கும், விஜயன் "அக்கா, அக்கா" என்று ஓடி வருவான், டேப்பைப் போட்டுத் தேதியை மாற்றி அரை மணி நேரத்தில் நானே எழுப்பிவிடுவேன். டாக்டர் செய்தது ஒரு நாள்கூட நிற்கவில்லை, அக்காதான் எழுப்பினாள் என்று பேர் வரும். இதுதான் என் திட்டம்.

அன்று மாலை கிள்ளானில் வீட்டுக்குப் போனதும் என் வீட்டுக்காரர் லோகன் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டார். முப்பது வருஷம் லோரி ஓட்டியவர், ரோட்டைவிட என் முகத்தை நன்றாகப் படிப்பார்.

"என்னம்மா, மெஷின் எந்திரிச்சிருச்சாமே. நீ ஏன் இஞ்சி தின்ன மாதிரி இருக்க?"

மோர் மிளகாய்க் கதையைச் சொன்னேன். தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"அடேங்கப்பா! மிளகாய் காயப்போடற மெஷின்லயா? செம மூளை லா அந்த அம்மாவுக்கு."

"அப்ப அவளையே போய்க் கட்டிக்குங்க."

"ஏன்டி, நான் என்ன சொல்லிட்டேன் இப்போ?"

கரண்டியைச் சிங்க்கில் எறிந்துவிட்டுப் போய்ப் படுத்தேன். அவரிடமும் தேதி விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் 'தப்பு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார், அது எனக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை. தொழுகை இடைவேளைக்குச் சூடு ஒழுங்காக இறங்கியது, ஒழுங்காக ஏறியது. விஜயன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். இரண்டே முக்காலுக்கு நான் கேண்டீனுக்குப் போய்ப் பால் இல்லாத தே ஓ ஒன்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தே ஓ ஆறிப்போனது, குடிக்க முடியவில்லை. மூன்று மணி ஐந்து நிமிடத்துக்குப் பிரஸ்ஸின் சத்தம் நின்றது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் முப்பத்தொன்பது வருஷம் இருந்தவளுக்கு, அது நிற்பது காதில் அடிப்பதுபோல் இருக்கும்.

"அக்கா! அக்கா!" விஜயன்தான். நினைத்தபடியே ஓடி வந்தான். "ரெசிப்பி ஒண்ணும் இல்லன்னு சொல்லுது!"

"பதறாதீங்க. நான் பாக்கறேன்" என்று நிதானமாக எழுந்தேன். எவ்வளவு நிதானம்! இப்போது நினைத்தால் கூசுகிறது.

டேப் வைக்கும் அலமாரியைத் திறந்தேன். காலி. ஒரு துண்டுக் காகிதம் மட்டும் இருந்தது. 'சந்திரா, வாட்டின டேப் சில வாரம்தான் தாங்கும். உங்கட பேக்அப்பைப் புது டேப்பிலயும் எடுத்துத் தாறன். திங்கள் கொண்டு வருவன். ராஜினி.'

ஐந்தையும் பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கொண்டு போய்விட்டாள். எனக்கு உதவி செய்யக் கொண்டு போயிருக்கிறாள்! இன்னொரு காப்பி வீட்டில் இல்லை, என் தலையில் இல்லை, எங்கேயும் இல்லை.

பசை காத்திருக்காது. கலக்கும் தொட்டியில் சூடாக இருக்கும் பசை, பிரஸ் ஓடாவிட்டால் நாற்பது நிமிடத்தில் கல்லாகிவிடும். வடித்துவிடச் சொல்லி நான்தான் கத்தினேன், பாதி வடிவதற்குள் இறுகிவிட்டது. பங்களாதேஷ் ஆட்கள் பன்னிரண்டு பேர், தலைமேல் துணியைக் கட்டிக்கொண்டு, உளியும் சுத்தியுமாகத் தொட்டிக்குள் இறங்கினார்கள். அந்தப் பசை நெடியில் கண் எரியும், மூக்கில் நீர் கொட்டும். ஒருவன் வெளியே வந்து வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, திரும்ப இறங்கினான். என்னைப் பார்த்து, "மெஷின் ஓகே ஆகுமா கக்?" என்று மலாயில் அக்கா முறை வைத்துக் கேட்டான். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சீ, என்ன ஜென்மம் இது என்று எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

விஜயன் ராஜினிக்குப் போன் போட்டான். வெள்ளிக்கிழமை சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டு ஐந்தேகாலுக்கு வந்து சேர்ந்தாள். வியர்த்திருந்தாள், சட்டை கசங்கியிருந்தது. நேராக உட்கார்ந்து, தன் லேப்டாப்பில் வைத்திருந்த காப்பியை மெமரி கார்டில் ஏற்றத் தொடங்கினாள். பத்து நிமிட வேலை. நான் முப்பத்தொன்பது வருஷம் கட்டிக் காத்தது அவள் பையில் கிடந்திருக்கிறது.

ஏறி முடியும் வரை அந்தக் காப்பியில் இருந்த ரெசிப்பிப் பட்டியலை மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டிருந்தாள், எதனால் போயிற்று என்று பார்க்க. ஒரு வரியில் விரல் நின்றது.

"பிகேபி ஒண்டு" என்று வாசித்தாள். "இது என்ன பலகை சந்திரா?"

பிகேபி என்பது கோவிட் ஊரடங்குக்கு இந்த நாட்டில் எல்லோரும் சொன்ன பேர். அப்போது ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கு நடுவில் வைக்கும் தடுப்புக்கு ஒரு பலகை செய்தோம். இன்றும் கிளினிக்குகளுக்குப் போகிறது. பேர் வைத்தவள் நான்தான்.

அவள் அந்தப் பேருக்குப் பக்கத்தில் இருந்த தேதியைப் பார்த்தாள். உருவான நாள், தொண்ணூற்றிரண்டு ஏப்ரல். தொண்ணூற்றிரண்டில் ஏது பிகேபி? கண்ணாடியைக் கழற்றினாள். திரும்ப மாட்டினாள். உதடு அசைந்தது, கூட்டிக் கழித்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"இருபத்தெட்டு" என்றாள் மெதுவாக.

நான் காலி அலமாரியின் கதவைச் சாத்தினேன்.

"அப்ப அந்த டேப் பழசு இல்லை. நீங்கள் ஒழுங்கா பேக்அப் எடுத்திருக்கிறீங்கள்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் கேட்டனான், சந்திரா. தேதி போடுறதுக்கு முதல் உங்களைக் கேட்டனான்."

"ஆமா" என்றேன்.

"ஏன்?"

என்ன சொல்ல? உன் மோர் மிளகாய் என்று சொல்வதா? உன் அப்பா அதிகாரி, என் தாத்தா கூலி என்று சொல்வதா? விஜயன் உன்னிடம் சிரிக்கிறான் என்று சொல்வதா? "நீங்க ஆசைக்கு வச்சிருக்கீங்க மேடம்" என்றேன். "எனக்கு இது மட்டும்தான் இருக்கு."

அப்போது விஜயன் உள்ளே வந்தான். சட்டையெல்லாம் பசை. அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை.

"டாக்டர், எப்படி ஆச்சு? பன்னெண்டு பேரு தொட்டிக்குள்ள நிக்கிறாங்க. ஹெட் ஆபீஸ் எங்கிட்ட ரிப்போர்ட் கேக்குது. யார் தப்புன்னு நான் எழுதணும்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான் சந்திரகலா, வீட்டுக்குப் போ.

"என்ட பிழை" என்றாள் ராஜினி.

கண்ணைத் திறந்தேன்.

"இந்த மெஷினுக்கு ஒரு விசேஷமான தேதி முறை இருக்கு. சந்திரா கண்டுபிடிச்சது, மிகவும் கெட்டிக்காரத்தனமான முறை. இருபத்தைந்து வருஷமா அதாலதான் உங்கட ஆலை ஓடுது. நேற்று அவ எனக்குச் சொன்னவ. நான் கவனிக்காமல் என்ட பாட்டுக்கு அடிச்சிட்டன். அப்பிடியே எழுதுங்கோ."

குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. நூறு பேர் முன்னால் பாடம் எடுத்த குரல். விஜயன் என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, நீங்க சொன்னீங்களா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை போதும். இல்லை என்று ஒரே வார்த்தை.

"சொன்னேன்" என்றேன்.

விஜயன் நீளமாக மூச்சு விட்டான். "சாரி டாக்டர், நான் சொல்லித்தான் ஆகணும். இனிமே இந்த மெஷினை அக்காவைக் கேக்காம யாரும் தொடக்கூடாது. நீங்ககூட."

"ஓம். அதுதான் சரி" என்றாள் ராஜினி. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். எழுந்து நாற்காலியை எனக்கு விட்டாள். "தேதியை நீங்களே போடுங்கோ சந்திரா" என்றாள். லேப்டாப்பைப் பையில் வைத்து, ஐந்து டேப்பையும் எடுத்து மேசைமேல் அடுக்கிவிட்டு, வெளியே போனாள். அவள் காரைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

நான் தொண்ணூற்றேழு என்று அடித்தேன். மெஷின் எழுந்தது. மறுநாள் காலை பிரஸ் ஓடியது. ஆலையில் எல்லோரும் என்னிடம் மரியாதையாகப் பேசினார்கள், விஜயன் இப்போது அறை வாசலில் நின்று அனுமதி கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறான். எது கிடைக்க வேண்டும் என்று பொய் சொன்னேனோ அது முழுசாகக் கிடைத்துவிட்டது.

பொறாமை மட்டும் போகவில்லை. முன்னே அவள் படிப்பின் மேல் இருந்தது, கைத்திறனின் மேல் இருந்தது. அதையாவது இன்னொரு பிறவியில் நான் எட்டிப் பிடித்திருப்பேன். இப்போது வேறு ஒன்றின் மேல் இருக்கிறது. அவள் இடத்தில் நான் உட்கார்ந்திருந்து, என் இடத்தில் அவள் நின்றிருந்தால், 'என் தப்பு' என்று நான் சொல்லியிருப்பேனா என்று தினமும் கேட்டுப் பார்க்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன்.